பழசைக் கழற்றாமல் புதுசை மாட்டுவது எப்படி? வேலூர் வட்டார வீடு, கடை, கிணற்றடிக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆர்க்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகிவிட்டது. ஆனால் காட்பாடி டீக்கடைக்காரரும், குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாவும், ஒடுகத்தூர் பக்கம் கிணறு வைத்திருப்பவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் புதுசு நமக்கு வேணுமா, வேணாமா? பணம், அடுப்படி, கிணறு, கணக்கு என்று தினமும் கை படுகிற விஷயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

புதுசாக வருவதை எல்லாம் வாங்கித்தான் ஆகணுமா?

இல்லை. எல்லாவற்றையும் ஒதுக்கவும் வேண்டாம். ஒரு கருவி வாசற்படி ஏறும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். இது நின்றுபோனால் அன்றைய வேலை எப்படி நடக்கும்? ரிப்பேர் பார்க்கிறவர் பக்கத்து ஊரில் இருக்கிறாரா, சென்னைக்கு அனுப்பணுமா? நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு இதை இயக்கத் தெரியுமா?

முதல் கேள்விக்கு மட்டுமாவது நல்ல பதில் இருந்தால் வாங்கலாம். பெரும்பாலான சங்கடம் புதுக் கருவியால் வருவதில்லை. புதுசு வந்த அன்றே பழசைத் தூக்கிப் போட்டுவிடுவதால்தான் வருகிறது. குறைந்தது ஆறு மாதம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் தாண்டினால்தான் ஒரு கருவியின் குணம் தெரியும்.

சின்ன டீக்கடை. ஜிபே வைத்தே ஆகணுமா?

வைப்பது நல்லது. ஜிபே மாதிரி ஆப்கள் வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் ஏற்பாடான யு.பி.ஐ. 2016-ல் வந்தது, இன்று பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன் கையில் சில்லறை இருப்பதில்லை. பத்து ரூபாய் டீக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவதைவிட, ஸ்கேன் செய்துவிட்டுப் போவது இருவருக்கும் நல்லது. யு.பி.ஐ. மூலம் வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பது 2020 ஜனவரியிலிருந்து கிடையாது. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸுக்கு மட்டும் மாத வாடகை கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வாடகை எவ்வளவு, எந்த தேதியில் கணக்கிலிருந்து எடுப்பார்கள், வேண்டாம் என்றால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் வாடகை போய்க்கொண்டே இருக்கிறது என்ற புகார் நிறைய. வங்கி ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற பக்கத்தைத் திறந்து அந்த அனுமதியை நீங்களே ரத்து செய்யலாம்.

வீட்டுச் செலவுக் கணக்கிலேயே கடைப் பணமும் விழும்படி விடாதீர்கள். கடைக்கென்று தனிக் கணக்கு, அதற்கு ஒரு கியூஆர் அட்டை. மாசக் கடைசியில் வியாபாரம் எவ்வளவு, கைக்கடன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை.

ரொக்கம் வாங்க மாட்டேன் என்று மட்டும் எழுதி ஒட்டாதீர்கள். வேலூர் காந்தி ரோட்டில் சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகளின் உறவினர்கள்தான் பாதி வாடிக்கை. ஜார்க்கண்ட், மேற்கு வங்காளத்திலிருந்து வருகிறவர் ஸ்கேன் செய்வார். வங்கதேசத்திலிருந்து வருகிறவர் கையில் பெரும்பாலும் ரூபாய் நோட்டுத்தான் இருக்கும். நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு இட்லி வாங்க வந்தவரைப் பணம் செல்லாது என்று திருப்பி அனுப்புவது தகாது. கல்லாவில் காலையில் பத்து, இருபது ரூபாய்த் தாளாக ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை எப்போதும் இருக்கட்டும்.

ஸ்கேன் வைத்தால் வரி நோட்டீஸ் வருமா?

ஸ்கேனுக்கென்று தனி வரி இல்லை. ஜி.எஸ்.டி. பதிவுக்கு ஆண்டு விற்றுமுதல்தான் கணக்கு. அதில் ரொக்கமும் சேர்த்தி. பொருள் மட்டும் விற்கும் கடைக்கு 40 லட்சம், உணவகம் மாதிரி சேவை கலந்த தொழிலுக்கு 20 லட்சம் என்பது வரம்பு. வரம்புக்குக் கீழே இருக்கிறவருக்கு ஸ்கேன் ஒரு பதிவேடு மாதிரி. வங்கியில் கடன் கேட்கும்போது காட்ட உதவும்.

‘அனுப்பிட்டேன்’ என்று செல்லைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். நம்பலாமா?

வாடிக்கையாளர் திரையை நம்பாதீர்கள். பச்சை டிக் போட்ட போலித் திரை காட்டும் ஆப்கள் இருக்கின்றன. நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறவரும் உண்டு. உங்கள் பெட்டி பேசணும், அல்லது உங்கள் செல்லில் தொகை ஏறியிருக்கணும். இரண்டும் இல்லையென்றால் பணம் வரவில்லை என்றே வையுங்கள்.

பெட்டி பேசாமல் இருக்க மூன்று காரணம் பொதுவாக இருக்கும். சார்ஜ் இறங்கியிருக்கும். உள்ளே இருக்கும் சிம்முக்கு அந்த மூலையில் சிக்னல் இருக்காது. பெட்டியைத் தகரக் கூரைக்கு அடியிலிருந்து வாசல் பக்கம் இரண்டடி நகர்த்தினாலே பேசத் தொடங்கும். மூன்றாவது, வாடிக்கையாளர் ஸ்கேன் செய்த அட்டை உங்களுடையதே இல்லை. ராத்திரியில் உங்கள் அட்டை மேலேயே தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு பல ஊரில் நடந்திருக்கிறது. தினமும் கடை திறந்ததும் வீட்டார் செல்லிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். திரையில் உங்கள் பெயர் வருகிறதா, பெட்டி பேசுகிறதா? ஒரு ரூபாயில் மூன்று சோதனையும் முடிந்துவிடும்.

பணம் எடுத்துக்கொண்டது, ஆனால் போய்ச் சேரவில்லை. என்ன செய்வது?

உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். முதலில் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து ‘நிலுவை’ என்றிருக்கிறதா, ‘தோல்வி’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வரணும். கடைக்கு அனுப்பியது என்றால் ஐந்து நாளுக்குள். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தரணும். ஆப்பிலேயே புகார் போடுங்கள்; பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளாகியும் வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

ஒன்றாம் தேதி, சம்பள நாள், தீபாவளிக்கு முந்தின வாரம் போன்ற நாட்களில் வங்கி சர்வர் திணறும். அடிக்கடி சின்னத் தொகை கொடுக்கிறவர்களுக்கு யு.பி.ஐ. லைட் உதவும். 5,000 ரூபாய் வரை முன்கூட்டியே ஏற்றி வைத்து, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் கொடுக்கலாம். பாஸ்புக்கில் டீக்குப் பத்து, வடைக்கு ஐந்து என்று பக்கம் பக்கமாக ஏறுவதும் நிற்கும். ஆனால் செல் தொலைந்தால் அந்தத் தொகை பூட்டில்லாத மணிபர்ஸ் மாதிரிதான். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது.

அப்பா பட்டன் போனை விட மாட்டேன் என்கிறார். அவருக்கு இது எதுவுமே முடியாதா?

முடியும். அவர் விடவும் வேண்டாம். வங்கியில் பதிவான அதே சிம்மிலிருந்து *99# அடித்தால் நெட் இல்லாமலே யு.பி.ஐ. வேலை செய்யும், தமிழிலும் வரும். முதல் தடவை வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் முதல் நான்கு எழுத்தைக் கேட்கும். பிறகு பின் நம்பர் அமைக்க ஏ.டி.எம். அட்டையின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதி மாதம், வருடமும் வேண்டும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். நடுவில் அதிக நேரம் யோசித்தால் இணைப்பு அறுந்துவிடும். அதனால் அனுப்ப வேண்டிய நம்பர், தொகை இரண்டையும் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் கணக்கிலிருந்து பணம் பறிபோகாமல் இருக்க?

ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்: பணம் *வர* பின் நம்பர் தேவையே இல்லை. ‘உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் போட்டு வாங்கிக்குங்க’ என்று யார் சொன்னாலும் அது திருட்டு. மின்வாரியம் பேசுகிறேன், இன்று ராத்திரி லைன் கட் பண்ணுவோம் என்று வருவதும், போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து ‘உங்களை டிஜிட்டலாகக் கைது செய்திருக்கிறோம்’ என்று மிரட்டுவதும் இதே வகைதான். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

அறிவுரையைவிட ஏற்பாடு பெரிது. பென்ஷனோ, நிலம் விற்ற பணமோ இருக்கும் கணக்கை எந்த ஆப்பிலும் இணைக்காதீர்கள். அதே வங்கியில் இரண்டாவது சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, அதில் 3,000 அல்லது 5,000 ரூபாய் மட்டும் வைத்து, அதை மட்டும் யு.பி.ஐ.யில் இணையுங்கள். தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஏமாந்தாலும் அந்தத் தொகையோடு போகும். இரண்டு கணக்கும் ஒரே கைபேசி எண்ணில் இருந்தால் ஆப் இரண்டையும் காட்டும். பெரிய கணக்கைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே பேசுங்கள். மகன் வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்கினால்தான் மீளும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போனது உங்கள் நஷ்டம். அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே 1930-ஐத் தொடர்ந்து வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். ஏமாந்துவிட்டார் என்று பெரியவரைத் திட்டாதீர்கள். திட்டு விழும் வீட்டில்தான் மறுமுறை மூன்று நாள் மறைத்து வைப்பார்கள்.

ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்கிறார்கள்.

பீடி சுற்றும் கை, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பில் ஊறின கை, வயதான கை; இவற்றில் ரேகை தேய்ந்துவிடும். அது யாருடைய குற்றமும் இல்லை. கடைக்குக் கிளம்பும் முன் வெந்நீரில் கையை நனைத்து, துணியால் ஒற்றி, தோல் வறண்டிருந்தால் துளி தேங்காயெண்ணெய் தேய்த்துப் பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையோடு வைத்தால் கண்ணாடி மங்கி அடுத்தவருக்கும் விழாது. ஆள்காட்டி விரல் விழாவிட்டால் மற்ற விரல்களையும் வைக்கச் சொல்லுங்கள். அழுத்தாமல் தட்டையாக வைக்கணும். கண் கருவிழி பார்க்கும் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். தொடர்ந்து விழவில்லையென்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிப்பதுதான் வழி.

பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்றுக்கு முகத்தைக் காட்டியே பதியும் வசதி 2021-லிருந்து இருக்கிறது. ரேகை தேய்ந்தவர்களுக்கு இது பெரிய வரம். வெளிச்சம் முகத்தில் விழும்படி, ஜன்னலுக்கு எதிரே உட்கார்த்திச் செய்யுங்கள்.

காஸ் விலை ஏறுகிறது. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா?

முழுதாக மாறாதீர்கள், இரண்டும் இருக்கட்டும். கணக்கு இப்படி. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறத்தாழ 130 முதல் 145 யூனிட் ஆகும். சிலிண்டர் உங்களுக்கு இரண்டு மாதம் வருமானால், இரண்டு மாத மின்கணக்கில் அவ்வளவும் கூடும். மின் அட்டையை எடுத்து, இப்போது எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படியில் இருந்த சலுகையும் குறையும். ஏற்கெனவே ஏ.சி. ஓடும் வீட்டில் கோடையில் இது இடிக்கும். மாதம் நூறு யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் லாபம்.

வாங்கின மறுநாளே கெட்டுப்போகும் இடம் பிளக். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் கன்வர்ட்டர் வைத்துச் சொருகினால் பத்து நிமிடத்தில் சூடேறி, ஒரு மாதத்தில் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்குத் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், எர்த் மூன்றும் வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் லைட்டுக்கு இழுத்த ஒயரிலிருந்தே பாயிண்ட் கொடுத்திருப்பார்கள். எலக்ட்ரீஷியனிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

பாத்திரத்துக்குக் காந்தம்தான் சோதனை. அடியில் காந்தம் பிடித்தால் சூடாகும். அலுமினியம், பித்தளை, செம்பு, மண்சட்டி, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு எதுவும் ஆகாது. எவர்சில்வரில் சிலது பிடிக்கும், சிலது பிடிக்காது. அடி தட்டையாக இல்லாத குக்கர் ‘ஈ’ என்று பிழை காட்டும். அடுப்புக்கு அடியில் காற்று இழுக்கும் ஓட்டை உண்டு. துணி விரித்து அதன்மேல் வைத்தால் சூடேறி நின்றுவிடும். கரப்பான் உள்ளே போய்க் கூடு கட்டி சர்க்யூட் பலகையைச் சுடவைப்பதும் சகஜம். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள்.

தம் போடும் பிரியாணிக்கு இது சரிவராது. ஆம்பூர் முறையில் மூடி மேல் கங்கு போட்டு மேலிருந்தும் சூடு கொடுப்பார்கள். அடியிலிருந்து மட்டும் சூடு வந்தால் சீரகச் சம்பா கீழே பிடித்து மேலே வேகாமல் நிற்கும். அதற்கு விறகடுப்பு ஒன்று கொல்லையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாவுக்குக் கிரைண்டரா, மிக்ஸியா, ஆட்டுக்கல்லா?

வாரம் இரண்டு முறை மாவாட்டும் வீட்டுக்குக் கிரைண்டர். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு படி அரிசிக்கு ஆட்டுக்கல்லில் குனிந்து உட்கார்ந்த பெண்களின் தோளும் இடுப்பும் பட்ட பாடு போதும். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. கரண்ட் செலவு என்று தள்ளிப்போட வழியில்லை.

மிக்ஸியில் சிக்கல் சூடு. பிளேடு வேகத்தில் உளுந்து சூடாகிக் குழைந்துவிடும், காற்று ஏறாது, இட்லி தட்டையாக வரும். வேறு வழி இல்லையென்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, அரை நிமிடம் ஓட்டி அரை நிமிடம் நிறுத்தி அரையுங்கள்.

கிரைண்டரில் நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைக் கால் டம்ளர் கால் டம்ளராகத் தெளித்து 25 முதல் 30 நிமிடம். கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மிதக்கணும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். அரிசி நைஸ் ரவைப் பதத்தில் போதும்.

வேலூர் வெயிலுக்கு ஒரு திருத்தம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும். மார்கழியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கோடையில் மாலை நாலு மணிக்கு ஆட்டி ராத்திரி படுக்கும் முன் ஃபிரிட்ஜில் தள்ளுங்கள். விடிய விடிய வெளியே விட்டால் காலையில் பாத்திரம் வழிந்து நிற்கும்.

கிரைண்டரில் முதலில் தேய்வது பெல்ட். ‘கிர்’ என்று சத்தம் வந்து கல் திணறினால் மோட்டார் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், பெல்ட் தளர்ந்திருக்கும். அம்மியை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். துவையலுக்கும் மசாலாவுக்கும் நசுக்கி அரைப்பதில் வரும் வாசம் வெட்டி அரைப்பதில் வராது. கரண்ட் இல்லாத மாலையில் ஒரு சட்னிக்கு அதுதான் கை கொடுக்கும்.

ஃபிரிட்ஜ் இருக்கும்போது மண்பானை எதற்கு?

இந்த ஊருக்கு மண்பானை மிகப் பொருத்தம். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். கடற்கரை ஈரத்தில் சென்னையில் அரைகுறையாகக் குளிரும் அதே பானை, வேலூரின் வறண்ட மே மாதத்தில் அருமையாகக் குளிரும். கரண்ட் போனாலும் குளிரும்.

புதுப் பானையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஊறவைத்து ஊற்றிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். அடியில் ஈர மணல் பரப்பி, நிழலில், காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். சுவரோடு ஒட்டி மூலையில் வைத்தால் பாதிப் பலன்தான். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். மண் சோப்பைக் குடித்துவிட்டுத் தண்ணீரில் திருப்பித் தரும். தேங்காய் நார், வெந்நீர் போதும். வெளிப்பக்கம் வெள்ளைப் படலம் ஏறி வேர்ப்பது நின்றால் துளைகளில் உப்பு அடைத்துக்கொண்டது. இங்கே போர் தண்ணீர் உப்பு என்பதால் சில வீட்டில் ஒரே சீசனில் நடக்கும். நாரால் தேய்த்து வெயிலில் காயவைத்துப் பாருங்கள். திரும்பவில்லையென்றால் அடுத்த வருடம் புதுசு.

கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போடலாமா?

போடுங்கள். செல்லிலிருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவி இது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்துக்கு விவசாயி வரப்பில் நடக்கணும். ராத்திரி ஒரு மணிக்கு, பாம்பும் தேளும் ஊரும் பாதையில், ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடப் போவதைத் தவிர்த்தாலே இந்தக் கருவி போட்ட காசு வந்துவிட்டது. வேளாண்மைப் பொறியியல் துறையில் இதற்கு மானியமும் உண்டு. வாங்கின பிறகு பில்லோடு போகாமல், வாங்கும் முன்பே உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

சிம்மில்தான் முதல் தவறு நடக்கும். பல ஸ்டார்ட்டர்கள் 2ஜி சிக்னலில் மட்டும் ஓடும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்தச் சிம்மை அதில் போட்டால் கருவி செத்தது மாதிரி கிடக்கும். வாங்கும்போதே 4ஜி கருவியாகக் கேளுங்கள். கிணற்றடியில் எந்த சிம்முக்குச் சிக்னல் வருகிறது என்று உங்கள் செல்லிலேயே போட்டுப் பார்த்துவிட்டு அதை வாங்குங்கள். ரீசார்ஜ் தேதியைப் பம்ப் ரூம் கதவில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். வேலிடிட்டி முடிந்த அன்று கரும்பு காயும்.

அடுத்தது ஆம்பியர். மோட்டார் முழுத் தண்ணீர் தள்ளும்போது மூன்று பேஸிலும் எவ்வளவு இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரால் பார்த்துக் குறியுங்கள், 5 எச்.பி. மோட்டார் என்றால் 7.5 ஆம்பியர் சுற்று வட்டாரத்தில் இருக்கும். ஓவர்லோட் அளவை, அதாவது தாண்டினால் மோட்டார் நிற்கும் அளவை, மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள். பிறகு கேட் வால்வை மெல்ல மூடியோ, கிணறு இறங்கும்போது கூடவே நின்றோ, தண்ணீர் இல்லாமல் ஆம்பியர் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ட்ரை ரன் அளவு, அதாவது தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் அளவு. கம்பெனி வைத்த அளவிலேயே விட்டால், கோடையில் ஊற்று மெதுவாக ஊறும் கிணறுகளில் ஒன்று மோட்டார் அடிக்கடி நிற்கும், அல்லது காற்றை இழுத்துக்கொண்டு ஓடி சீல் கருகும். ட்ரை ரன்னில் நின்றால் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி எடுக்கணும் என்பதை உங்கள் கிணறு ஊறும் வேகத்துக்கு வையுங்கள்.

‘மூணு பேஸும் இருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகல’ என்று அடிக்கடி வருவதற்குக் காரணம் பேஸ் வரிசை. டிரான்ஸ்ஃபார்மரில் வேலை நடந்த பிறகு இரண்டு பேஸ் இடம் மாறியிருக்கும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றாமல் இருக்கக் கருவி தடுக்கிறது. அதைக் கழற்றி எறிய வேண்டாம். மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியன் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் சரி. பேஸ் குறையும்போது கண்டென்சர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஓடுவது போலத் தெரியும், மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி (காயில்) கருகிக்கொண்டிருக்கும். காயில் கட்டும் செலவு ஒரு போகத்து வேர்க்கடலை லாபத்தைத் தின்னும்.

பெட்டிக்குள் பல்லி புகுந்து கான்டாக்டில் ஒட்டிக் கருகுவதும் நடக்கிறது. கேபிள் நுழையும் ஓட்டையை அடையுங்கள். ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்கு வெளியே, கூரைக்குக் கீழே தொங்கவிடுங்கள். ‘மேனுவல்–ஆட்டோ’ மாற்றும் சுவிட்ச் இல்லாமல் பொருத்த விடாதீர்கள்; கருவி பழுதானாலும் பழைய ஸ்டார்ட்டர் பச்சைப் பட்டனில் ஓடணும்.

ஒன்று மட்டும் இந்தக் கருவியால் சொல்ல முடியாது. மோட்டார் ஓடுகிறது என்று செய்தி வரும். தண்ணீர் பயிருக்குப் போகிறதா, குழாய் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வயலில் கொட்டுகிறதா என்று வராது. இரண்டு நாளைக்கு ஒருமுறை பகலில் போய்ப் பாருங்கள்.

கடன் நோட்டை விட்டு ஆப்புக்கு மாறலாமா?

ஆப் கூட்டல் தப்பாது, வரவேண்டியதை நினைவூட்டும். ஆனால் வாடிக்கையாளருக்குத் தானே கையெழுத்துப் போட்ட பக்கம்தான் கணக்கு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஆப்பில் உள்ள பாக்கித் தொகையைப் பேர் வாரியாக நீள நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செல் உடைந்தாலும் கணக்கு நிற்கும்.

எந்த ஆப்பை அடியோடு மறுக்கணும்?

ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப், உங்கள் போனில் உள்ள நம்பர்கள், படங்களைப் பார்க்க அனுமதி கேட்டால் அந்த நொடியே நீக்குங்கள். தவணை ஒரு நாள் தவறினால் உங்கள் படத்தைத் திருத்தி உறவினர் எல்லாருக்கும் அனுப்பி மிரட்டியவை இந்த வகைதான். அவசரத்துக்குக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எவ்வளவோ மேல்.

அம்மா ‘எனக்கு இதெல்லாம் வேணாம்’ என்கிறார். எப்படிக் கற்றுக்கொடுப்பது?

முதலில் வேண்டாம் என்பதற்குக் காரணம் கேளுங்கள். பலருக்கு எழுத்து சின்னதாகத் தெரிவது, விரல் பட்டால் வேறெங்கோ போய்விடுவது, பிள்ளைகள் எரிந்து விழுவது. இந்த மூன்றுதான் காரணம். எழுத்து அளவைப் பெரிதாக்குங்கள், மொழியைத் தமிழாக்குங்கள், முதல் பக்கத்தில் நான்கே நான்கு படம் விட்டு மற்றதை ஒளித்துவிடுங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரே வேலை. பணம் அனுப்புவது என்றால் அது மட்டும். போன் அவர் கையில்தான் இருக்கணும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள், பிடுங்கி அழுத்திக் காட்டாதீர்கள். உங்களுக்கே ஒரு ரூபாய் ஒரு ரூபாயாகப் பத்து முறை அனுப்பச் சொல்லுங்கள். ஏழாவது முறை நீங்கள் பேசாமல் இருங்கள். தப்பான இடத்துக்குப் போனால் எப்படித் திரும்பி வருவது என்பதையும் வேண்டுமென்றே தப்பு செய்து பழக்குங்கள். அது தெரிந்த பிறகுதான் பயம் போகும்.

படிப்படியாக அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ‘பச்சைப் படம் தொடு, பேர் பார், தொகை போடு, மறுபடி பேர் பார், ரகசிய எண்’ என்று அவர் பேச்சில் இருக்கட்டும். அந்தத் தாளில் ரகசிய எண்ணை மட்டும் எழுதக் கூடாது. தாளின் பின்பக்கம் 1930, வங்கிக் கிளையின் எண், உங்கள் எண் மூன்றையும் பெரிதாக எழுதி, அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள்.